வர்ணமெட்டும் குரலும்: நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் பற்றிய ஒரு நோக்கு

சுப்பிரமணிய பாரதியின் தேசிய கீதங்களைப் புரட்டுவோர், சில பாட்டுக்களின் தலைப்பை அடுத்து, 'நந்தனார் சரித்திரத்திலுள்ள' இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்பு இருப்பதைக் கண்டிருப்பர். பாடுவோருக்கு உதவியாக இடப்பட்ட அடையாளம் அது என்று கொண்டு, நம்மிற் பலர் அதனைக் கடந்து பாட்டுக்குட் சென்றுவிடுகிறோம். பாட்டின் கருத்து, அரசியற் பின்னணி, யாப்பு ஆகியன பேசப்பட்ட அளவுக்கு அக்குறிப்புப் பேசப்படவில்லை. ஆனால் அதனை விலக்கிவிட்டுப் படித்தாற் பாட்டிற் பாதி போய்விடுகின்றது என்றே நாம் கருதுகிறோம். மெட்டு என்பது சொல்லை ஏற்றிச் செல்லும் வெறும் வாகனமன்று. முன்னர் அதனைப் பாடிய பாத்திரத்தின் குரலையும், அப்பாத்திரம் சமூகத்தில் நின்ற நிலையையும் அது தன்னுடன் கொண்டுவருகின்றது. இதனை விளக்குதற்கு நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளிலும் தக்க சான்று தமிழிற் கிடைத்தல் அரிது.

பாட்டாக்கம் பற்றிய பழைய கலைச்சொற்கள் சிலவற்றை முதற்கண் நினைவுகூர்தல் நன்று. இசைநூலார் பாட்டின் இசைக்கூற்றைத் தாது என்றும் சொற்கூற்றை மாது என்றும் வழங்குவர். இரண்டையும் ஒருவனே ஆக்கும்போது அவன் வாக்கேயகாரன் எனப்படுவான். தியாகராசரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் அவ்வகையினர். எனினும், தமிழிற் கதை தழுவிவந்த கீர்த்தனை இலக்கியத்தை நோக்குமிடத்து, சொல்லும் மெட்டும் ஒரே கையிற் பிறக்கவேண்டும் என்ற நியதி இருந்ததாகத் தெரியவில்லை. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) கம்பராமாயணத்தைத் தழுவி இராமநாடகக் கீர்த்தனையை இயற்றியபோது, அதற்கு இசையமைத்து உதவியவர்கள் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையரும் கோதண்டராமையரும் ஆவர். இசைப்பயிற்சியுடையோராகிய இவ்விருவரும் கம்பராமாயணம் பாடங் கேட்கவெனக் கவிராயரை அடைந்தவர்கள். நூலை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெயரை இலக்கிய வரலாறுகள் மறவாமற் சொல்லும். இசையமைத்த இருவரையும் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேற் சொல்வதில்லை. உடைமையுள்ளவன் பெயர் நிலைப்பதும் உழைத்தவன் பெயர் தேய்வதும் கலை வரலாற்றுக்கும் புறம்பானவையல்ல.

அவர்கள் அமைத்த மெட்டுக்களும் பெரும்பாலும் நிலைக்கவில்லை. மிதிலையிலே கன்னிமாடத்திற் சீதையைக் கண்டு இராமன் வியக்கும் பாட்டு முதலிற் சாவேரி இராகத்தில் அமைந்திருந்தது என்பர். இன்று கச்சேரிகளில் நாம் கேட்பதோ பைரவி. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) முதலிய வித்துவான்கள் கவிராயரின் பாட்டுக்கள் சிலவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தனர். சொல் தங்கி மெட்டு மாறிய வரலாறு அது. நந்தனார் சரித்திரத்துக்கு நேர்ந்ததோ இதன் மறுதலை: அங்கே மெட்டுத் தங்கிச் சொல் மாறியது.

நந்தனார் சரித்திரத்தை ஆக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார் (1811–1896) தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த நரிமணத்திற் பிறந்து, முடிகொண்டான், ஆனைதாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களில் வாழ்ந்தவர். (இரு பாரதியரும் மயங்காதிருத்தற்பொருட்டு இவரைக் கோபாலகிருஷ்ணர் என்றும், எட்டயபுரத்துக் கவிஞரைப் பாரதி என்றும் இனிச் சுட்டுவோம்.) கோபாலகிருஷ்ணர் கர்நாடக இசையோடு, திருவிடைமருதூரிலே இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். கனம் கிருஷ்ணையரின் பாணியிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. மராத்தியர் ஆட்சியினாலே தஞ்சையிற் பரவியிருந்த இலாவணி முதலிய வடிவங்களும், உழவர் செவியிற் பழகிய நொண்டிச்சிந்து, கண்ணி முதலியனவும் அவர் ஆக்கத்திலே கீர்த்தனையோடு அருகருகே இடம்பெறுகின்றன. ஒரே கதைக்குள் இத்தனை வகையான இசைவடிவங்களை அவர் வைத்தது வேடிக்கைக்காகவன்று. கதாகாலட்சேபம் செய்வோன் ஒருவனே எல்லாப் பாத்திரமுமாக நின்று பாடவேண்டியவன். அவனிடம் வேடமில்லை, திரையில்லை, பக்கத்தில் வேறு நடிகரும் இல்லை. யார் பேசுகிறார் என்பதைச் சபையோர்க்கு உணர்த்த அவனிடமிருந்த கருவிகளுள் முதன்மையானது மெட்டின் வேறுபாடேயாகும். எந்தப் பாட்டை எந்த வடிவில், எதற்கு அடுத்து வைப்பது என்ற ஒழுங்கும் இவ்வகையாக்கத்திலே பாட்டியற்றுதலின் ஒரு பகுதியாகின்றது.

கதைப்பொருளில் அவர் செய்த மாற்றமும் இங்கு நோக்கற்பாலது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தில் முப்பத்தேழு செய்யுட்களிற் கூறிய திருநாளைப்போவார் வரலாற்றில் நிலவுடைமையாளன் ஒருவன் வருவதேயில்லை. அங்கே நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில், ஊரார் தொழிலுக்கென விட்ட நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்பவர். கோயில்களின் பேரிகை முதலியவற்றுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துவருபவர். கோயிலுள் எழும் இசைக்கு வேண்டிய தோலையும் நரம்பையும் கொடுத்தவனுக்குக் கோயிலின் உள்ளே இடமில்லை என்ற முரண்பாட்டைச் சேக்கிழார் எவ்வித ஆரவாரமுமின்றிச் சொல்லிச் செல்கிறார். கோபாலகிருஷ்ணரின் நந்தனோ பண்ணையாள். வேதியர் ஒருவருடைய வயலில் உழைப்பவன். தில்லைக்குச் செல்ல அவரிடம் விடை கேட்டு நிற்பவன். நாற்பது வேலி நிலத்தையும் பயிரேற்றி முடித்தாற் போகலாம் என்ற நிபந்தனையும், அது ஓரிரவிலே தெய்வச் செயலால் நிறைவேறுவதும் பெரியபுராணத்தில் இல்லாதவை.

இம்மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை அறியத் தஞ்சையின் வயல்களை நோக்கினாற் போதும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தினால் அடிமை முறைக்கு நீதிமன்றங்கள் அளித்துவந்த ஆதரவை விலக்கினர். ஆயினும் கடனாலும் வழக்கத்தாலும் மிராசுதாரருக்குக் கட்டுண்ட பண்ணையாளின் வாழ்வு அதனாற் பெரிதும் மாறிவிடவில்லை. அச்சட்டம் வந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளின் பின், 1861-ஆம் ஆண்டளவில் நந்தனார் சரித்திரம் அச்சேறியது. தாமே அந்தணராகப் பிறந்த கோபாலகிருஷ்ணர் அந்தணப் பண்ணையார் ஒருவரைக் கதையிற் கொடுமை செய்பவராக நிறுத்தினார் என்பது சாதாரணமான செயலன்று. அதே வேளையில், முடிவிலே நந்தன் தீயில் மூழ்கி முனிவர் கோலத்துடன் எழுவதையும் இறைவனோடு கலப்பதையும் அவர் மாற்றவில்லை. முரண்பாடு வயலிலே தொடங்கித் தில்லைவெளியிலே கரைந்துவிடுகிறது. அவரது காலத்தின் எல்லையும் அதுவே. ஆனாற் கதை எப்படி முடியினும், முரண்பாடு நிகழும் கட்டங்களுக்குரிய பாட்டுக்கள் சபையோர் செவியில் நின்றுவிட்டன.

அவை அவ்வாறு நின்றமைக்குக் காரணம் அவற்றின் சொல்லாட்சியாகும். இதனைக் குறையாகக் கண்டவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிக் கோபாலகிருஷ்ணர் அவரிடம் பலமுறை நடந்ததையும், இலக்கண வழுக்களைக் கருதிப் பிள்ளையவர்கள் காலங்கடத்தியதையும், பின்னர் ஒருநாள் திண்ணையிலிருந்து கோபாலகிருஷ்ணர் பாடக்கேட்டு மனமுருகிப் பாயிரம் அளித்ததையும் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்துள்ளார். பக்தி இலக்கணத்தை வென்ற கதையாகவே இதனைப் பலரும் எடுத்துச் சொல்வர். எமக்கு அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. பிள்ளையவர்கள் முன்னர்க் கண்டது ஏட்டிலுள்ள சொல்லை; பின்னர்க் கேட்டது மெட்டிலுள்ள சொல்லை. பேச்சுவழக்கிற் குறுகியும் நீண்டும் வழங்கும் சொற்கள் தாளத்தின் எடுப்புக்கும் நீட்டத்துக்கும் இயைந்து நிற்கின்றன. அவற்றை இலக்கணப்படி திருத்தினால் மாத்திரை பிசகிவிடும். அதனிலும் மேலாகப் பேசுவோனின் குரல் பிசகிவிடும். பண்ணையாரோ சேரி முதியவனோ செந்தமிழிற் பேசினால் அவர்கள் அவர்களாக இருக்கமாட்டார்கள். ஏட்டில் வழு எனப்பட்டது பாட்டிற் பாத்திரத்தின் அடையாளமாயிற்று.

இளமையிலே பிள்ளையவர்களிடம் மாயூரத்திற் பாடங்கேட்ட சாமிநாதையர், கோபாலகிருஷ்ணரிடம் சிறிது காலம் இசையும் பயின்றார். ஆசிரியருக்கு அது உவப்பாக இல்லை என்று தெரிந்ததும் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தமிழ்க் கல்வியும் இசைக் கல்வியும் ஒன்றையொன்று எவ்வாறு நோக்கின என்பதற்கு இதுவே போதிய சான்று. அக்கீர்த்தனைகள் அச்சேறத் துணைநின்றவர் காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர் என்பதும் சுவையான செய்தியே.

இனிப் பாரதியிடம் வருவோம். சுதேசிய இயக்கமும், 1907-ஆம் ஆண்டு சூரத்திலே காங்கிரஸ் பிளவுண்டமையும் தந்த சூட்டிலே பாரதி எழுதிய பாட்டுக்களுள் நந்தனார் சரித்திர மெட்டுக்களில் அமைந்த மூன்றினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சுயராச்சியம் வேண்டிய பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகத்தன் கூறுவதாக அமைந்த பாட்டு. தில்லைக்குப் போகவேண்டும் என்ற நந்தனை வேதியர் இழித்துரைக்கும் பாட்டின் மெட்டை இதற்குப் பாரதி தேர்ந்தார். மூலப்பாட்டின் பல்லவி மூன்று உறுப்புக்களால் ஆனது. முதலில், கேட்போனை அவனது நிலையைச் சுட்டி இழிவாக விளித்தல். அடுத்து 'உனக்கு' என்ற சுட்டு. இறுதியாக, உயர்ந்த ஒரு பொருளுக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்ற வினா. பாரதி இம்மூன்று உறுப்புக்களையும் அவை நின்ற இடங்களிலேயே நிறுத்திச் சொற்களை மட்டும் மாற்றினார். இழிசொல் இருந்த இடத்தில் அடிமை என்ற சொல் வந்தது. திருவிழா இருந்த இடத்திற் சுதந்திரம் வந்தது. மெட்டை அறிந்த சபையோர் முதலடி தொடங்கியதுமே வேதியரின் குரலைக் கேட்டிருப்பர். துரையின் தொப்பிக்குக் கீழே மிராசுதாரரின் முகம் தெரிந்திருக்கும். அந்நிய ஆட்சியின் ஆணவத்தை விளக்கப் பாரதி வேறு அடைமொழி தேடவேண்டியிருக்கவில்லை. அந்தப் பணியை மெட்டே செய்துவிட்டது.

இரண்டாவது, நிதானக் கட்சித் தலைவர் பிரோஸ்ஷா மேத்தா திலகருக்குச் சொல்வதாக உள்ள பாட்டு. இதன் மெட்டு, நந்தனுடைய ஆசை தம் குலத்துக்கு ஏற்குமா என்று அவனது சாதியார் அவனையே கேட்கும் பாட்டினுடையது. இங்கே 'சாதி' என்ற சொல்லைப் பாரதி மாற்றாமலே வைத்துக்கொண்டார். சேரியார் கூற்றிலே அச்சொல் ஒடுக்கப்பட்டோரின் அச்சத்தைக் காட்டியது. மேத்தாவின் கூற்றிலோ ஆட்சியாளரிடம் விண்ணப்பம் செய்து பழகிய கனவான்களின் கூட்டத்தைக் குறித்தது. சித்பவன அந்தணராகிய திலகர் நந்தனின் இடத்தில் நிற்கிறார். சென்னையிலும் புதுவையிலும் இதனைக் கேட்டு நகைத்தோருக்கு அந்நகைப்பின் கூர்மை மெட்டு வழியாகவே கிட்டியிருக்கும்.

மூன்றாவது 'சுதந்திரப் பெருமை'. முதலிரண்டும் அங்கதம்; இதுவோ உறுதியுரை. தில்லைவெளியிற் கலந்தோர் மீளார் என்று வினாவாக உரைக்கும் பாட்டின் மெட்டில், சுதந்திரத்தை நாடியோர் வேறொன்றையும் நாடார் என்பதை நிரைநிரையான வினாக்களாகப் பாரதி அடுக்குகிறார். வீடுபேற்றின் மெட்டு விடுதலையின் மெட்டாகிறது. இங்கும் மூலத்தின் வினாவடிவம் குலையவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மெட்டுக்குச் சொல் எழுதுதல் என்பது நெடில் வரும் இடத்தில் நெடிலையும் எதுகை வரும் இடத்தில் எதுகையையும் நிரப்பும் கணக்கென்று கருதுவோர் இம்மூன்று பாட்டுக்களையும் அவற்றின் மூலங்களுடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். பாரதி எடுத்துக்கொண்டது மாத்திரைக் கணக்கை மட்டுமன்று; யார் யாரிடம், எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்ற உறவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

ஆயினும் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. பாரதியின் மாற்றத்திலே பண்ணையாள் உருவகமாகிவிட்டான். நந்தன் இருந்த இடத்திற் பாரதவாசி வந்து நிற்கிறான். அப்பாரதவாசிக்குள் மிராசுதாரரும் அடக்கம். அவரது வயலில் உழைப்பவனும் அடக்கம். கோபாலகிருஷ்ணர் எதிரெதிரே நிறுத்திய இருவரும் அந்நியனுக்கு முன்னே ஒரே அடிமையாகின்றனர். தேசிய இயக்கத்துக்கு அந்த ஒற்றுமை வேண்டியிருந்தது. சாதியிழிவைத் தம் பிற எழுத்துக்களிற் பாரதி எவ்வளவு வன்மையாகச் சாடினார் என்பதையும் நாம் அறிவோம். இருந்தும், தஞ்சை வயலிற் கேட்ட வசை ஒன்று தேசத்துக்கே பொதுவான வசையானபோது, அதனை அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்தவன் பாட்டிலிருந்து மறைந்துபோனான். மெட்டு அவனை நினைவூட்டிக்கொண்டிருந்தது உண்மை. சொல் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

கச்சேரி மேடை வேறொரு வகையில் அவனை மறைத்தது. நந்தனார் சரித்திரத்திலிருந்து இன்று மேடைகளில் வழங்குவன பெரும்பாலும் நந்தன் மன்றாடும் பாட்டுக்களே. கோயிலின் வெளியே நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் மாஞ்சி இராகப் பாட்டும், திருப்புன்கூரிலே நந்தி மறைப்பதைச் சொல்லி வருந்தும் நாட்டைக்குறிஞ்சிப் பாட்டும் அத்தகையன. அவை உயர்ந்த பாட்டுக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மன்றாட்டத்துக்குக் காரணமான வேதியரின் பாட்டைக் கச்சேரியிற் கேட்பது அரிது. கேள்வியை நீக்கிவிட்டு மறுமொழியை மட்டும் பாடினால் அது தூய பக்தியாகவே ஒலிக்கும். 1943-ஆம் ஆண்டிலே தமிழிசைச் சங்கம் தோன்றியபோது எந்த மொழியிற் பாடுவது என்பது பெரிய விவாதமாயிற்று. தமிழ்ப் பாட்டுக்குள்ளேயே எந்தப் பாத்திரத்தின் குரலை மேடையேற்றுவது, எதனை விடுவது என்ற கேள்வி அவ்விவாதத்தில் முன்னிற்கவில்லை. திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. 1935-இற் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும் கதையை ஊரெங்கும் கொண்டுசென்றன. பிந்திய படத்துக்குப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் புதுப்பாட்டுக்கள் எழுதினர். அவற்றுட் சில மூலத்தையும் விஞ்சிப் பரவின.

மெட்டுக்களின் நிலையும் இரங்கத்தக்கது. எட்டயபுரத்திலே சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டிற் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரதாளக் குறிப்புடன் காத்துத் தந்தார். அவருக்குப் பின்னே அரசவை இருந்தது; அச்சுக்கூடம் இருந்தது; மரபுவழி மாணவரும் இருந்தனர். நந்தனார் சரித்திரத்தின் மெட்டுக்களோ பாகவதர்களின் வாயிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஊரூராகத் திரிந்தன. 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று மட்டும் எழுதிவைப்பது பாரதிக்குப் போதுமாயிருந்தது. அவரது வாசகர் அம்மெட்டை ஏற்கெனவே கேட்டிருந்தனர்.

பழகிய மெட்டில் முரண்பாட்டின் குரலை ஏற்றும் இத்தொழில் தஞ்சையோடு நின்றுவிடவில்லை. 1968-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்றனர். அப்போராட்டத்தின் பின்னணியில் என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் மேடையேற்றியபோது, கீர்த்தனையையோ இசைநாடகப் பாட்டையோ அவர்கள் நாடவில்லை. காத்தவராயன் கூத்தின் பாங்கை எடுத்துக்கொண்டனர். அம்மன் கோயில் முன்றில்களில் நேர்த்திக்காக ஆடப்பட்டுவந்த அக்கூத்தின் மெட்டுக்கள் எளியவை. ஓரடியைப் பாடியதும் பார்ப்போர் அடுத்த அடியைத் தாமே எடுத்துக்கொள்ளத்தக்கவை. பார்ப்பனப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்பியமைக்காகக் கழுவேறச் சென்றவன் அக்கூத்தின் நாயகன். சிறுவயது முதல் அவனது நடையையும் பாட்டையும் கண்டும் கேட்டும் வளர்ந்த கிராமத்தவர்க்கு, அதே மெட்டிலே கோயில் வாயிற் போராட்டம் பாடப்பட்டபோது விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒடுக்கப்பட்டவன் வேறெதற்கும் உருவகமாகவில்லை. பூட்டிய கதவு பூட்டிய கதவாகவே இருந்தது. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோருட் பலர் அதன் முன்னே நின்றுவிட்டு வந்தவர்கள்.